வெள்ளை நூல் பொட்டலம்

"கொலை இல்ல, கொள்ளை இல்ல. ஒரு பொட்டலம் மாறிப்போச்சு, அவ்வளவுதான். இதுக்கெல்லாம் நாம எதுக்கு பாஸ்?" என்று காரைப் பூட்டிக்கொண்டே கேட்டாள் பட்டாசு.

மௌனி பதில் சொல்லாமல் படியேறினார். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர் அவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். வாய் திறந்து பேசுவது அபூர்வம் என்பதால் பழைய ஆபீஸில் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்காகவே வேலைக்குச் சேர்ந்தவள் போலிருந்தாள் பட்டாசு. கார் ஓட்டுவதும் அவள்தான்.

உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் மாடியில், மண் பரிசோதனைக் கூடத்தில் அந்தப் பெண்மணி காத்திருந்தார். விவசாயிகள் எல்லோரும் அவரை மண் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை கோட்டின் பித்தான்களை ஒன்று தள்ளி ஒன்றில் மாட்டியிருந்தார். அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

"செத்துப்போனது என் அண்ணன்," என்றார் எடுத்த எடுப்பில். "நெஞ்சுவலி. அதுல யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்ல. வாடிப்போன செடிகளைப் பிடுங்கிட்டு இருந்தவர் அப்படியே வரப்புல சாஞ்சுட்டார்."

"அப்போ எங்களை எதுக்கு மேடம் கூப்பிட்டீங்க?"

"அந்தச் செடிங்க வாடியிருக்கவே கூடாது."

பட்டாசு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மண் டாக்டர் சொன்னது இதுதான். சில வருடங்களாக அந்த வட்டாரத்தில் உருளைக்கிழங்குப் பயிரை வாடல் நோய் அழித்துக்கொண்டிருந்தது. காலையில் பச்சையாக நிற்கும் செடி சாயங்காலம் தலை தொங்கிவிடும். தோண்டினால் கிழங்கு கூழாகியிருக்கும். அப்படிச் செத்துப்போன ஒரு நிலத்தின் நடுவே ஒரே ஒரு செடி மட்டும் ஒன்றும் ஆகாமல் நின்றதை அவர் பார்த்தார். அதன் வேரில் ஒட்டியிருந்த மண்ணிலிருந்துதான் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். வேரைச் சுற்றிக் குடியேறி, மண்ணில் பூட்டிக்கிடக்கும் சத்தைக் கரைத்துச் செடிக்குக் கொடுக்கும். நோய்க்கிருமியையும் கிட்ட நெருங்க விடாது.

"வாடகைக்கு வந்த ஆளே வாட்ச்மேன் வேலையும் பார்த்து, சமையலும் பண்ணிப்போடற மாதிரி," என்றாள் பட்டாசு. "அந்த மாதிரி ஆள் எங்க வீட்டு மாடிக்குக் கிடைக்க மாட்டேங்கறாங்க."

மண் டாக்டரின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு அதற்கு மேல் வரவில்லை.

"இது நிஜமாவே வேலை செய்யுதான்னு நிரூபிக்கணும். அதனால கரித்தூள்ல பாக்டீரியாவைக் கலந்து பொட்டலம் கட்டினேன். பாதிப் பேருக்கு உயிருள்ள தூள். மீதிப் பேருக்கு அதே தூளை வேக வச்சு, உயிரைக் கொன்னது. விதைக்கிழங்குல பூசி நடணும். யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தேன். பாதி செத்த தூள்னு விவசாயிங்களுக்குத் தெரியும், ஒத்துக்கிட்டுத்தான் வாங்கினாங்க. தனக்கு வந்தது எதுன்னு மட்டும் தெரியாது."

"நீங்க மட்டும் எப்படி அடையாளம் வச்சீங்க?"

"பொட்டலத்தோட வாயைத் தைச்ச நூல். மஞ்சள்னா உயிருள்ளது. வெள்ளைன்னா செத்தது. என் அண்ணனுக்குச் சீட்டுல மஞ்சள் விழுந்துச்சு." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். "அவர் கொட்டகையில மிச்சம் இருந்தது இது."

வாய் வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தது. மேலே அண்ணனின் நிலத்து எண் அச்சடித்த ஸ்டிக்கர்.

"நாளைக்குக் காலையில விசாரணைக் குழு. மத்த நிலமெல்லாம் நான் நினைச்ச மாதிரியே வந்திருக்கு. இந்த ஒரு இடத்துல மட்டும் தலைகீழ். அண்ணன் நிலம் செத்துப்போச்சு, செத்த தூள் போன கீழ் நிலம் பச்சையா நிக்குது. நான் ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டேன்னு ஆபீஸ்ல பேசிக்கறாங்க. அது போகட்டும்." பொட்டலத்தைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார். "கூடப்பொறந்தவனுக்கே நான் செத்ததைக் கட்டிக் குடுத்துட்டேன்னு அண்ணி நினைக்கறாங்க. சாவுக்குப் போனவளை வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. அண்ணன் முகத்தைக்கூட நான் பார்க்கலை."

மௌனி பொட்டலத்தைக் கையில் எடுத்து, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெருடினார். பிறகு பட்டாசிடம் நீட்டினார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"பஞ்சர் கடை வாசனை வருது பாஸ்."

"எங்க ஸ்டிக்கருக்குப் பசையே தேவையில்லையே," என்றார் மண் டாக்டர். "பின்னாடி தாளை உரிச்சா தானா ஒட்டிக்கும்."

"அப்போ இது ஒரு தடவை ஒட்டி, உரிச்சு, மறுபடி ஒட்டினது," என்றாள் பட்டாசு. "டயருக்குப் போடற சொல்யூஷனால."

மௌனி முதல்முறையாக வாய் திறந்தார். "நூலோட ரகசியம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

"அண்ணன் கேட்டாரா?"

"கேட்டார். நான் சொல்லலை."

*

சரிவான பூமி அது. மேலே அண்ணனின் நிலம், கீழே அடுத்தவருடையது. நடுவில் ஒற்றை வாய்க்கால் இரண்டுக்கும் பொதுவாக இறங்கியது. மேல் நிலத்தில் செடிகள் பழுப்பேறி மண்ணோடு படுத்துக்கிடந்தன. அழுகிய கிழங்கின் நாற்றம் கார்க் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. கீழ் நிலமோ கண்ணைப் பறிக்கும் பச்சை.

அண்ணி கொட்டகைச் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. திண்ணையின் மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"அவ அனுப்பிச்சாளா உங்களை?"

"ஆமாங்க," என்றாள் பட்டாசு.

"படிச்சவ. வாரத்துக்கு ஒரு தடவை வந்து என் கையால சாப்பிட்டுட்டுப் போவா. அண்ணன் அண்ணன்னு உயிரை விடுவா. கடைசியில அவருக்கு எதைக் கட்டிக் குடுத்தா பார்த்தீங்களா? பார்த்துட்டுப் போங்க." கதவு சாத்தப்பட்டது.

கொட்டகை சுத்தமாக இருந்தது. மண்வெட்டிகள் உயர வாரியாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆணியில் ஒரு பழைய சட்டை தொங்கியது. பட்டாசு இரண்டடி வைத்ததும் எதிலோ தடுக்கி, பம்ப் செட்டைக் கட்டிப்பிடித்து நின்றாள்.

"ஹோஸை யாரு பாஸ் வழியில சுருட்டி வச்சது? என் பல்லு இந்நேரம் வரிசையா தரையில இருந்திருக்கும். அதுவும் பாருங்க, கடைப் பளபளப்பு போகாத புது ஹோஸ்!"

மௌனி குனிந்து ஹோஸைத் தடவிப் பார்த்தார். மூலை முடுக்கெல்லாம் தேடினார். பஞ்சர் சொல்யூஷன் எங்கேயும் இல்லை.

கீழ் நிலத்துக்காரி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். கணவன் இறந்தபின் தனி ஆளாக அந்த மண்ணோடு போராடுகிறவள். வந்தவர்களைக் கண்டதும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"பொட்டலமா? காலிப் பையெல்லாம் இருக்கே. நல்ல கெட்டித் துணி, தூக்கிப் போட மனசு வரலை."

கொண்டுவந்து காட்டினாள். பிரித்த வாய்களில் மஞ்சள் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கரில் அவளுடைய நிலத்து எண். பட்டாசு முகர்ந்தாள். அதே வாசனை. 'மாட்டிக்கிட்டாங்க' என்பதுபோல் மௌனியைப் பார்த்தாள்.

"இதை யாரும்மா உங்களுக்குக் கொண்டுவந்து குடுத்தாங்க?"

"மேல் வீட்டு அண்ணன்தான். ஆபீஸ் ஜீப் இங்க இறங்காது, சேத்துல மாட்டிக்கும். எப்பவும் எனக்கு வர்றதை அவர் வீட்டுலதான் இறக்குவாங்க. அவரே தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தாரு. வந்தவர் சும்மா போகலை. கிழங்குல எப்படிப் பூசணும்னு கூட உக்காந்து காட்டினாரு." அவள் முந்தானையை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். "சீட்டுல எனக்கு நல்லது விழுந்திருக்கு. அவருக்கு விழலை. செடி தழைச்சு வரவர எனக்கு மேல நிமிர்ந்து பார்க்கவே கூச்சமா இருக்கும். அவரோ தினமும் வரப்புல நின்னு என் செடியைப் பார்த்துட்டுப் போவாரு. பொறாமையே படலைங்க அந்த மனுஷன்."

காருக்குத் திரும்பும்போது பட்டாசின் குரலில் சுருதி இறங்கியிருந்தது. "இந்த அம்மா பண்ணலை பாஸ். குத்தம் பண்ணினவங்க தடயத்தை மடிச்சு அலமாரியில வைக்க மாட்டாங்க. டிரைவர்தான். ஜீப் வச்சிருக்கவன்கிட்ட சொல்யூஷன் இல்லாம இருக்குமா?"

*

ஆராய்ச்சி நிலையத்து டிரைவர் ஜீப்புக்கு அடியில் கிடந்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பட்டாசு அந்தக் கால்களிடமே பேசினாள்.

"அண்ணே, பஞ்சர் சொல்யூஷன் இருக்கா?"

"இல்லம்மா. வேற வாங்கணும்."

"இருந்த ட்யூப் என்ன ஆச்சு?"

கால்கள் நகர்ந்தன. கிரீஸ் அப்பிய முகம் வெளியே வந்தது. "நம்ம டாக்டரம்மாவோட அண்ணன் வாங்கிட்டாரு. இன்னும் திருப்பித் தரலை. இனிமே எங்க..." வாக்கியத்தை முடிக்காமல் கையைத் துடைத்தார்.

"எப்போ வாங்கினார்?" இது மௌனி.

"பொட்டலம் கொண்டுபோன அன்னிக்குத்தான் சார். ரெண்டு நிலத்துக்கும் உள்ளதை அவர் வீட்டுல இறக்கினேன். டீ குடிச்சுட்டுப் போன்னாரு. நான் குடிச்சுட்டு இருக்கும்போது அவர் பொட்டலத்தையெல்லாம் ஒரு தடவை புரட்டிப் பார்த்துட்டு உள்ள போய் போன் பேசினாரு. வெளிய வந்ததும், டேய், சொல்யூஷன் இருந்தா குடு, பம்ப் ஹோஸ் ஒழுகுதுன்னாரு. நான்தான் ஒட்டித் தரேன்னு எழுந்தேன். வேணாம், நீ கிளம்பு, உனக்கு நேரமாச்சுன்னு விரட்டாத குறையா அனுப்பிட்டாரு."

பட்டாசு மெல்லத் திரும்பினாள். "பாஸ், அந்த ஹோஸ் புதுசு. அதுல ஒரு ஒட்டுகூட இல்ல."

மௌனி தலையசைத்தார்.

"அப்போ மாத்தினது அண்ணனேவா? கையில கிடைச்ச உயிரைக் குடுத்துட்டு எவனாவது செத்ததை வாங்கி வச்சுக்குவானா? எது எதுன்னே அவருக்குத் தெரியாதே. போன்ல கேட்டாரு, டாக்டரம்மா சொல்லலைங்கறாங்க."

"அதைத்தான் கேக்கணும்," என்றார் மௌனி. படிகளை அவர் இந்த முறை மெதுவாக ஏறினார்.

*

மண் டாக்டர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். சொல்யூஷன், ஹோஸ், டிரைவர் குடித்த டீ.

"அந்த போன்ல என்ன பேசினீங்க?" என்றார் மௌனி.

"சாதாரணமாத்தான். சாப்பிட்டியான்னு கேட்டார். அப்புறம், எனக்கு மஞ்சள் நூல் வந்திருக்கு, கீழ் வீட்டுக்கு வெள்ளை, எதும்மா நல்லதுன்னார். ஆராய்ச்சி விஷயம், சொல்ல முடியாதுண்ணேன்னு சொல்லிட்டேன். சொல்லவே இல்லை நான்."

"எந்தக் குரல்ல சொன்னீங்க?"

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிச்சேன்," என்றார் விரல்களின் இடுக்கு வழியே. "அவர் மஞ்சள்னு சொன்னதும் சிரிச்சுட்டேன். எனக்குச் சந்தோஷம். சீட்டு போட்டது நான்தான், ஆனா அவருக்கு நல்லதா விழுந்துச்சேன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்ல மாட்டேன்னேன். சரி சரி, சொல்லாதேன்னு அவரும் சிரிச்சார்."

சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த அண்ணனுக்கு அதற்கு மேல் ஒரு பதில் தேவைப்பட்டிருக்காது.

பட்டாசு மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை.

"ஏன் சார்?" என்று மௌனியைக் கேட்டார். "ஏன் பண்ணினார்?"

"எனக்குத் தெரியாது. உங்க அண்ணிக்குத் தெரியலாம்."

"அவங்க கதவைத் திறக்க மாட்டாங்க."

"நான் தட்டறேன்."

*

அண்ணி கதவைத் திறந்தாள். மௌனிக்குப் பின்னால் நாத்தனார் நிற்பதைக் கண்டதும் சாத்தப்போனாள்.

"அம்மா, உங்க வீட்டுக்கு உயிருள்ள பொட்டலம்தான் வந்துச்சு," என்றார் மௌனி. "உங்க வீட்டுக்காரர் அதைக் கீழ் நிலத்துக்குக் குடுத்துட்டு, அவங்களோட செத்ததை இங்க வச்சுக்கிட்டார். தெரிஞ்சேதான் செஞ்சார்."

கதவில் இருந்த கை அப்படியே நின்றது. அவர்கள் உள்ளே போனபோது அவள் தடுக்கவில்லை. சமையலறையில், அடுப்புக்கு எதிரே கிடந்த பலகையில் உட்கார்ந்துகொண்டாள். மௌனி சொல்லி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய்க்கால்," என்றாள் கடைசியில்.

"என்னங்க?" என்றாள் பட்டாசு.

"போன வருஷம் வாடல் முதல்ல எங்க நிலத்துலதான் வந்துச்சு. தண்ணியோட இறங்கிக் கீழ போய் அவ பயிரையும் அழிச்சுச்சு. அவ ஒரு வார்த்தை கேட்கலை. இவருக்குத்தான் தூக்கமே போச்சு. நம்ம நோயைத்தான் அந்தப் பொம்பளை அறுவடை பண்ணினான்னு சொல்லிட்டே இருப்பாரு. விடுங்க, நாம வேணும்னா அனுப்பினோம்னு நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்." திடீரென்று குரல் உயர்ந்தது. "அதுக்காக? ரெண்டு புள்ளைங்க சாப்பிடற பயிரைத் தூக்கிக் குடுக்கறதா? கட்டினவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

அடுப்பில் கிடந்த விறகை உள்ளே தள்ளினாள்.

"கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்," என்றாள் தாழ்ந்த குரலில். "அதான் கேக்கலை."

மண் டாக்டர் வாசற்படியருகிலேயே நின்றிருந்தார். "அண்ணி, நான் சிரிக்காம இருந்திருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனாரின் கோட்டில் பித்தான்கள் மாறி மாட்டியிருப்பது அவள் கண்ணில்தான் முதலில் பட்டது. எழுந்து வந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள்.

"இத்தனை நாளும் உன்னைத் திட்டிட்டே இருந்ததுல, அவருக்காக அழக்கூட இல்லடி நான்," என்றாள். அதன்பின் அழுதாள். இருவரும் அந்த வாசற்படியிலேயே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மௌனியும் பட்டாசும் வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து மண் டாக்டர் வந்தார்.

"நாளைக்குக் குழுவுல என்ன சொல்லப்போறீங்க மேடம்?" என்று கேட்டாள் பட்டாசு.

"நடந்ததைத்தான். ரெண்டு நிலத்துப் பொட்டலமும் இடம் மாறிடுச்சு. மஞ்சள் போன இடத்துல பயிர் பிழைச்சிருக்கு, வெள்ளை போன இடத்துல செத்திருக்கு. அதே சரிவு, அதே வாய்க்கால், அதே நோய்." மேல் நிலத்தைப் பார்த்தார். "எவ்வளவோ நிலத்துல சோதனை பண்ணினேன். இதைவிடத் தெளிவான ஆதாரம் எங்கயுமே கிடைக்கலை. என் மருந்து வேலை செய்யுதுன்னு நிரூபிச்சது என் அண்ணனோட செத்த நிலம்தான். இந்த வெற்றியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

பட்டாசும் மேல் நிலத்தைப் பார்த்தாள்.

அண்ணி முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "கீழ அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி. தனக்கு அதிர்ஷ்டம்னு நினைச்சுட்டு இருக்காங்க."

"வா, போய்ச் சொல்லிட்டு வருவோம். யாரோ சொல்லித் தெரிய வேணாம்."

இருவரும் வரப்பில் இறங்கி நடந்தார்கள். கீழ் நிலத்துக்காரி தூரத்திலேயே அவர்களைப் பார்த்துவிட்டாள். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து வருவதைக் கண்டு ஒரு கணம் நம்பாமல் நின்றாள். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே ஓடிவந்தாள். கையில், அப்போதுதான் தோண்டிய கிழங்கு ஒன்று, ஈரமண் உதிராமல் இருந்தது.

"அண்ணி, நீங்க கோவிச்சுக்கலையே? எனக்கு மட்டும் நல்லா வந்துடுச்சேன்னு..." கிழங்கை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள், ஏதோ தப்புச் செய்துவிட்டு ஒப்படைப்பவள் போல.

மண் டாக்டர் பேச வாயெடுத்தார். இப்போது வேண்டாம் என்பதுபோல் அண்ணி அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

பிறகு கிழங்கை வாங்கி, கட்டை விரலால் மண்ணைத் தள்ளி, தோலைப் பார்த்தாள். ஒரு புள்ளி அழுகல் இல்லை.

"எதுக்குக் கோவிக்கணும்?" என்றாள். "நல்லா விளைஞ்சிருக்கு. இருட்டறதுக்குள்ள தோண்டி முடிச்சுடுவோம், வா. இன்னொரு மண்வெட்டி எங்க வச்சிருக்க?"